ஆபரேட்டர் பதில்கள்: கதவைத் திறந்தது யார்?

போன இதழில் ஒரு பதிலின் வாலில், ‘28 வீக்ஸ் லேட்டர்’ படத்தின் ஆரம்பக் காட்சிக்கு ஈடாகப் பயமுறுத்திய இன்னொரு ஆரம்பத்தை நான் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால் நம் வாசகர்களில் பாதிப் பேர் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஜாம்பிப் படம்தான் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. கதையைச் சொல்லாமல் படத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது. பார்க்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு, பார்த்தபின் வாருங்கள்.

நீங்கள் கொண்டாடும் அந்த ஆரம்பத்தில் அப்படி என்ன இருக்கிறது? துரத்துகிறார்கள், ஓடுகிறார்கள். எல்லா ஜாம்பிப் படத்திலும் அதுதானே?
– வாசகர், பரமக்குடி

ஓடுவதற்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்திருப்பதைத்தான் சொன்னேன்.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில், ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்த ஒரு பழைய வீடு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் டானும் அவன் மனைவி ஆலிஸும் சமைக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் நாட்டில் இல்லை, தப்பித்தார்கள் என்பது ஒன்றுதான் அவர்களுக்கு ஆறுதல். வீட்டுக்காரக் கிழத் தம்பதியையும் சேர்த்து உள்ளே ஆறு பேர். சாப்பிடும் நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரு சின்னப் பையன் கதறுகிறான். திறக்கலாமா வேண்டாமா என்று ஒரு தயக்கம். திறக்கிறார்கள்.

திரை வெளுத்துப்போகிறது. வெளியே பட்டப்பகல்!

அதுவரை ராத்திரி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். பதினோரு வருடம் புரொஜெக்டர் ஓட்டியவன் நான். திரை திடீரென்று வெளுத்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், பிலிம் அறுந்துவிட்டது. இந்தப் படத்தை நான் பார்த்தது வீட்டில், கடன் வாங்கிய டிவிடியில். இருந்தும் அந்த இடத்தில் என் வலது கை தானாக எழுந்துவிட்டது, மெஷினை நிறுத்த. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டம்மா, “என்ன, கொசுவா?” என்று கேட்டாள்.

அப்புறம் நடப்பதுதான் விஷயம். பையனின் பின்னாலேயே நோய் பிடித்தவர்கள் வந்துவிடுகிறார்கள். மாடியில் ஆலிஸ் அந்தப் பையனை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அறை வாசலில் டான். இருவருக்கும் நடுவில் அவர்கள். டான் ஒரு கணம் மனைவியைப் பார்க்கிறான். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் மாடி ஜன்னலில் அவள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் நிற்கவில்லை. பச்சை மேட்டில் ஒரு மனிதன், அவன் பின்னால் பத்து, இருபது, அப்புறம் எண்ண முடியாத உருவங்கள். ஜான் மர்பியின் கிட்டார் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி ஏறுகிறது.

அந்த ஓட்டத்தில் எனக்குப் படபடப்பு வந்தது பின்னால் வருகிறவர்களைப் பார்த்து இல்லை. ஜன்னலில் நின்றவளை நினைத்து. ஓடுகிறவன் எதை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று தெரிந்தால்தான் ஓட்டத்துக்கு எடை வருகிறது. தெரியாவிட்டால் அது வெறும் ஓட்டப் பந்தயம்.

முதல் பாகம் நன்றாக இருந்தால் இரண்டாம் பாகம் ஏன் பெரும்பாலும் சொதப்புகிறது? இதற்கு மட்டும் எப்படி எடுபட்டது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

முதல் பாகமான ‘28 டேஸ் லேட்டர்’ 2002-ல் வந்தது. டேனி பாயில் இயக்கம், அலெக்ஸ் கார்லண்ட் எழுத்து. மருத்துவமனையில் கோமாவிலிருந்து எழுந்த ஒருவன் ஆளே இல்லாத லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடக்கிறான். ‘என்ன ஆச்சு?’ என்பது அவனுடைய கேள்வி, நம்முடையதும் அதுதான். அந்த ஒரு கேள்வியே அரை மணி நேரம் படத்தை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சொகுசு கிடையாது. ஒரு சொட்டு ரத்தம், சில விநாடிகள், ஆள் காலி என்பது டிக்கெட் வாங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பூதத்தையே இன்னும் பெரிதாக, இன்னும் நிறையக் காட்டுவோம் என்று கிளம்புகிறவர்கள்தான் சொதப்புகிறார்கள்.

2007-ல் வந்த இரண்டாம் பாகத்தை எடுத்தவர் ஸ்பெயின்காரரான ஹுவான் கார்லோஸ் ஃப்ரெஸ்னாடில்லோ. அவர் கேள்வியை மாற்றிவிட்டார். வெளியே இருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் கதவைத் திறப்பது யார்?

அந்தப் படத்தை மறுபடி பார்த்தால் ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டு பாருங்கள். பண்ணை வீட்டின் கதவைத் திறப்பது பையன் மேல் வந்த இரக்கம். ஐந்து வாரத்தில் நோய் பிடித்தவர்கள் பட்டினியில் செத்து, அமெரிக்கத் தலைமையில் நேட்டோ படை வந்து, லண்டனில் ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியை வேலி கட்டிச் சுத்தம் செய்து மக்களைக் குடியேற்றுகிறது. அந்த வேலியைத் தாண்டுவது டானின் பிள்ளைகள், அம்மாவின் போட்டோவை எடுக்க. போன இடத்தில் அம்மாவே உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு நோய் உள்ளே இருக்கிறது, ஆனால் தாக்கவில்லை. அவளைப் பூட்டி வைத்த அறையின் கதவைத் திறப்பது டான், மன்னிப்புக் கேட்க. அவள் மன்னித்துவிடுகிறாள். முத்தம் கொடுக்கிறான். எச்சில் போதுமே! கடைசியில் ஹெலிகாப்டர் கதவைத் திறந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்வதும் இரக்கம்தான். அதோடு நோய் கடலைத் தாண்டிப் பாரிஸ் போகிறது.

ஒரு இடத்தில்கூட வில்லன் கிடையாது. அன்பு இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து நாட்டை அழிக்கிறார்கள். கதவைச் சாத்திய ஒரே ஆள் கோழை. அவன் சாத்தியதுதான் சரியோ என்ற சந்தேகத்தோடு நம்மை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சந்தேகம் இருக்கிறதே, அது முதல் பாகத்தில் இல்லாத சரக்கு. இரண்டாம் பாகத்துக்கென்று சொந்தமாக ஒன்று வேண்டும் என்றால் இதுதான்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஸ்ட்ராங் ரூமைத் திறக்கவே இரண்டு அதிகாரிகளின் சாவி வேண்டும். ஒரு கட்டடப் பராமரிப்பு ஆள் கார்டைத் தேய்த்து ராணுவத்தின் தனி அறைக்குள் போவதும், வாசலில் காவலுக்கு ஆளே இல்லாததும்... காதில் பூக்கூடையே வைக்கிறார்களே ஐயா?
– வாசகர், தஞ்சாவூர்

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் சார். படத்தின் பெரிய ஓட்டை அது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோய் பிடித்த டான் ஊரையே விட்டுவிட்டுத் தன் பிள்ளைகளை மட்டும் தேடித் தேடி வருகிறான். நோய்க்கு ஏது பாசம்?

ஆனால் ஒன்று சொல்லட்டுமா? முதல் முறை பார்க்கும்போது எனக்குக் கார்டு உறுத்தியது, துரத்தல் உறுத்தவில்லை. காரணம், வீட்டை விட்டு ஓடிய அப்பா இப்போது வீட்டைத் தேடி வருகிறார் என்று மனசு அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெயர் தெரியாத ஆயிரம் பேர் துரத்துவதைவிட, சட்டைக் காலரை இழுத்துவிட்ட அப்பா துரத்துவது பயங்கரம். ராபர்ட் கார்லைல் நடிப்பு அப்படி. நாம் ஓட்டையைப் பார்ப்பது படம் நிற்கும்போதுதான், அது நிற்கவேயில்லை.

உங்கள் வங்கியில் அந்த டானுக்கு லாக்கர் கிடைத்திருக்காது என்று மட்டும் தெரிகிறது.

வேகம் என்றால் வேகமான கட்டிங்தானே? ஒரு ஷாட்டை ஒரு விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது என்று எங்கள் சீனியர் சொல்கிறார்.
– விஸ்காம் மாணவர், கோவை

சீனியரை ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

முதல் பாகத்தில் செய்ததைப் பாருங்கள். அது கேனான் எக்ஸ்எல்1 என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்தது. ஒளிப்பதிவு ஆண்டனி டாட் மேண்டில். நோய் பிடித்தவர்கள் ஓடிவரும் இடங்களில் ஷட்டர் வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். சாதாரணமாக ஓடுகிறவன் கை கால் திரையில் கொஞ்சம் இழுவிக்கொண்டு தெரியும், அந்த இழுவல்தான் கண்ணுக்கு வழவழப்பு. ஷட்டரைக் கூட்டினால் அது போய்விடும். ஒவ்வொரு பிரேமும் வெட்டி வைத்த மாதிரி நிற்கும், ஆள் துள்ளித் துள்ளி வருவான். வெட்டியது கேமரா, எடிட்டர் இல்லை.

இரண்டாம் பாகத்தில் வேகம் இன்னொரு வழியில் வருகிறது. அபாயச் சங்கு ஊதியதும் பொதுமக்களைக் கும்பலாக ஒரு பெரிய அறையில் தள்ளிப் பூட்டுகிறார்கள். விளக்கு போய்விடுகிறது. பின்பக்கக் கதவு வழியாக டான் நுழைகிறான், ஒரே ஒரு ஆள். ஒருவருக்குப் பதினைந்து விநாடி என்று வைத்து நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பத்தாவது சுற்றில் 1,024. ஆன நேரம் 150 விநாடி. ஒரு சினிமாப் பாட்டில் பாதி! கூட்டத்தில் யார் நோயாளி, யார் பயந்து ஓடுகிறவன் என்று தெரியாமல், மாடியில் துப்பாக்கியோடு இருக்கும் சிப்பாய்களுக்கு முதலில் நோயாளியை மட்டும் சுடு என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் சுடு என்று உத்தரவு மாறுகிறது. உத்தரவு மாறுகிற அந்த வேகம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் அந்தப் படத்திலும் கேமராவைக் கண்டபடி ஆட்டி, யார் யாரைக் கடித்தார் என்று புரியாமல் அடித்த இடங்கள் உண்டு. அதை வேகம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கிறவனுக்கு இடம் வலம் தெரிய வேண்டும். சுரங்க ரயில் நிலையத்தில் நின்றுபோன எஸ்கலேட்டரில், பிணங்களுக்கு நடுவே, இருட்டில் ஒரு பெண் துப்பாக்கியின் இரவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொண்டு இறங்குகிறாள். படிப்படியாக, மெதுவாக. ‘வேகமான’ படத்தின் மிகப் பயங்கரமான நிமிடம் அதுதான்.

யாரைக் கதாநாயகன் என்று நம்பினாலும் செத்துப்போகிறார்களே!
– வாசகி, ஈரோடு

இரண்டாம் பாகத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றக் கூடவே வரும் சிப்பாய் டாயிலைச் சொல்கிறீர்கள். ஜெரமி ரென்னர். எனக்கும் ஆறவில்லை. தெருவில் விஷப்புகை, கார் கிளம்பவில்லை. இறங்கிப் பின்னால் போய்த் தள்ளுகிறான். நம் ஊரில் எத்தனை அம்பாசிடரைத் தள்ளியிருப்போம்! கார் கிளம்பிவிடுகிறது. அவன் பின்னால் வந்த சொந்தப் படையின் ஆட்களே தீயைப் பீய்ச்சிக் கொளுத்திவிடுகிறார்கள். ஜாம்பியிடம் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

நோய் தாக்காமலே நோயைச் சுமக்கிறவர்கள் நிஜத்தில் உண்டா? இருபது விநாடியில் வெறி பிடிக்குமா? என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.
– வாசகி, வேலூர்

முதல் கேள்விக்கு உண்டு. நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை பார்த்த மேரி மலான் என்ற ஐரிஷ் பெண்ணுக்கு டைபாய்டு அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் அவர் சமைத்த வீடுகளில் வரிசையாக ஆட்கள் படுத்தார்கள். 1907-ல் கண்டுபிடித்து ஒரு தீவில் தனியே வைத்தார்கள். இனிச் சமைக்க மாட்டேன் என்று சொன்னதால் 1910-ல் விட்டார்கள். 1915-ல் பார்த்தால் வேறு பெயரில் ஒரு பிரசவ மருத்துவமனையின் சமையலறையில் இருக்கிறார். மறுபடி அதே தீவு, 1938-ல் சாகும்வரை. தன்னிடம் நோய் இருக்கிறது என்பதில் அவருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. ஆலிஸைவிட இந்த அம்மாள் கதைதான் எனக்குப் பயம்.

இரண்டாவதற்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். எச்சிலில் பரவி மூளையைத் தாக்கும் நிஜ நோய் வெறிநாய்க்கடி. அதுவே நரம்பு வழியாக ஏற வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் கடித்த பிறகு ஊசி போட்டும் காப்பாற்ற முடிகிறது. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் மகனிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘டிரெய்ன் டு பூசான்’ பார்த்து அழுதேன். அதன் தொடர்ச்சியான ‘பெனின்சுலா’ பார்த்துத் தூங்கினேன். ஒரே இயக்குநர்தானே?
– வாசகர், சேலம்

ஒரே ஆள்தான், யோன் சாங்-ஹோ. 2016-ல் ரயில், 2020-ல் இது.

ரயிலில் இடம் கிடையாது, அதுதான் அந்தப் படத்தின் சொத்து. இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவதே ஒரு யுத்தம். கண்ணாடிக் கதவில் தண்ணீரை அடித்து நியூஸ் பேப்பரை ஒட்டினால் அவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். எவ்வளவு மலிவான தந்திரம், எவ்வளவு பயம்! ‘பெனின்சுலா’வில் ஒரு நகரத்தையே கொடுத்து, காரையும் கொடுத்துவிட்டார்கள். காரில் போகிறவனுக்கு ஜாம்பி வெறும் வேகத்தடை.

வேடிக்கை என்னவென்றால், நான் சொல்லும் ‘விட்டுவிட்டு வந்த கணக்கு’ அதிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் ரோட்டோரம் குழந்தையோடு கெஞ்சும் குடும்பத்துக்கு நாயகன் காரை நிறுத்தாமல் போகிறான். நாலு வருடம் கழித்து அதே பெண்ணிடம் மாட்டுகிறான். அருமையான முடிச்சு. அதை வைத்துக்கொண்டு பணம் ஏற்றிய லாரியின் பின்னால் போய்விட்டார்கள்.

‘மிருதன்’ இரண்டாம் பாகம் வருமா?
– வாசகர், ஊட்டி

2016-லிருந்து கேட்கிறீர்கள், அதுவும் கதை நடந்த ஊரிலிருந்தே! வந்தால் பார்ப்பேன். டிராபிக் போலீஸ்காரனை நாயகனாக்கியது எனக்குப் பிடித்தது. யார் நிற்க வேண்டும், யார் போகலாம் என்று கைகாட்டுகிற ஆள் அல்லவா?

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ஜாம்பிக் குறும்படம் எடுத்தோம். இப்போது இரண்டாம் பாகம். கையில் நாற்பதாயிரம் ரூபாய், ஒரு பழைய அடுக்குமாடி வீடு. ஊரே அழிவதாகக் காட்ட வேண்டாமா?
– வாசகர், திருநெல்வேலி

வேண்டவே வேண்டாம். ‘ரெக்’ என்ற ஸ்பானியப் படத்தைப் பாருங்கள், பார்சிலோனாவில் ஒரே அடுக்குமாடிக் கட்டடம். 2009-ல் வந்த அதன் இரண்டாம் பாகமும் அதே கட்டடம்தான், முதல் படம் முடிந்த கையோடு ஆரம்பிக்கிறது. ஊரை அழிக்கவில்லை, ஒரு மாடியைக்கூடக் கூட்டவில்லை. இந்த முறை உள்ளே போவது போலீஸ்காரர்கள், ஹெல்மெட்டில் கேமரா. கூட வரும் அதிகாரியின் குரல் கேட்டால்தான் வெளிக்கதவு திறக்கும். அந்த ஒரு விதியை முதலிலேயே சொல்லி வைத்துவிட்டு, கடைசியில் அதை வைத்தே நம் கழுத்தை அறுக்கிறார்கள். எப்படி என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் மாடிப்படி எங்கே திரும்புகிறது, எந்த வீட்டுக் கதவு மழைக்காலத்தில் ஊதிப்போய் மூடாது, மோட்டார் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது? இதை முதல் இரண்டு நிமிடத்தில் எங்களுக்குக் காட்டிவிடுங்கள். மூடாத அந்தக் கதவைப் பார்த்ததுமே நாங்கள் பயப்பட ஆரம்பித்துவிடுவோம். மேக்கப்புக்குப் பணம் போதாவிட்டால் ஜாம்பிக்கு முதுகைக் காட்டச் சொல்லுங்கள்.

‘28 இயர்ஸ் லேட்டர்’ எப்படி? டேனி பாயிலே திரும்பி வந்துவிட்டாரே?
– வாசகர், திருச்சி

கார்லண்டும் சேர்ந்து வந்தார், 2025 ஜூனில். பெரும்பகுதி ஐபோனில் எடுத்தது. சில காட்சிகளுக்கு இருபது போனை வளைவாகக் கட்டி வைத்து எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் நோய் பாரிஸ் போனதை, ஐரோப்பாவிலிருந்து விரட்டிவிட்டோம் என்று ஒரு வரியில் துடைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். என் கதவுக் கணக்கெல்லாம் வீண்!

ஆனால் இதிலும் ஒரு கதவு இருக்கிறது, இதுவரை வந்ததிலேயே அழகான கதவு. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹோலி ஐலண்ட் என்ற தீவு. கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு தாழ்வான பாதை. கடல் வற்றும்போது நடக்கலாம், ஏறும்போது மூழ்கிவிடும். நிஜமாகவே அப்படி ஒரு பாதை அங்கே உண்டு. கதவைத் திறப்பதும் மூடுவதும் கடல். அப்பனும் பிள்ளையும் ராத்திரி தண்ணீரில் அந்தப் பாதை வழியே ஓடிவரும் காட்சி இருக்கிறதே, அதற்காக ஒரு டிக்கெட் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கப்புறம் படம் வேறு ஒன்றாக மாறிவிடுகிறது, சாவைப் பற்றி நிதானமாகப் பேசுகிறது. ‘வேகம் எங்கே?’ என்று பின்வரிசையில் ஒரு பையன் கத்தினான். எனக்கு அந்த நிதானமும் பிடித்தது.

ஆபரேட்டர் ரூமிலிருந்து பார்த்தபோது, கூட்டம் நிஜமாகப் பயப்படுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
– வாசகி, காரைக்குடி

கத்தினால் பயமில்லை. கத்துவது ஜாலி. கடலைத் தோலை உடைக்கிற சத்தம் நின்று, தியேட்டர் மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டால் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு தடவை டப்பிங் பேய்ப்படம் ஒன்று, ராத்திரி ஆட்டம். தூக்கக் கலக்கத்தில் மூன்றாவது ரீலுக்குப் பதில் நாலாவதை மாட்டிவிட்டேன். இருபது நிமிடம் ஓடியபிறகுதான் உறைத்தது. வேறு வழியில்லாமல் அடுத்து மூன்றாவதைப் போட்டேன். நாலாவதில் செத்து, புதைத்து, எல்லோரும் அழுது முடித்த பாட்டி, மூன்றாவதில் சாவகாசமாக அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

சீட்டி இல்லை, கூச்சல் இல்லை, டார்ச் அடிக்கவில்லை. ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன். இருநூறு பேர் மூச்சுவிடாமல் அந்தப் பாட்டியின் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி கேட்டது.